லேக் ஃபோர்க்கில் பெரிய பாஸ்: எந்த மாதம் என்பதைவிட எத்தனை டிகிரி என்று கேளுங்கள்

கேள்வி: டாலஸ் பக்கம் குடியிருக்கிறேன். ஊரில் தவளை லூர் போட்டு விரால் பிடித்த பழக்கம் உண்டு. லேக் ஃபோர்க்கில் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்க எந்த மாதம் போகலாம்? எந்தப் பருவத்துக்கு எந்த இரை?

பதில்: மாதத்தை மட்டும் நம்பிக் கிளம்பினால் பல நாள் வெறுங்கைதான். மார்ச் 10ஆம் தேதி ஒரு வருடம் தண்ணீர் 52 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், அடுத்த வருடம் அதே தேதியில் 64 இருக்கும். 52 என்றால் மீன் கூடு போடும் இடத்துக்குப் போகும் வழியில் எட்டுப் பத்து அடியில் நிற்கும். 64 என்றால் முட்டியளவுத் தண்ணீரில் கூடு போட்டுக்கொண்டிருக்கும். இரையும் இடமும் ஆழமும் இழுக்கும் வேகமும் இந்த ஒரு எண்ணைப் பொறுத்தே மாறும். அதனால் கீழே எல்லாவற்றையும் டிகிரிக் கணக்கில்தான் சொல்கிறேன். டெக்சஸில் படகு மீட்டர்கள் ஃபாரன்ஹீட்டில் காட்டும், நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். ஊர்க்கணக்குக்கு 50 என்றால் 10 செல்சியஸ், 68 என்றால் 20, 86 என்றால் 30.

முதலில் ஏரி. டாலஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ஓட்டம், குயிட்மன், எமரி ஊர்களுக்கு நடுவில். சபைன் நதியில் சேரும் ஓடை ஒன்றை மறித்து 1980இல் அணையை மூடினார்கள், 1985 கடைசியில் நிரம்பியது. பரப்பு 27,000 ஏக்கருக்கு மேல், அணையோரம் ஆழம் 70 அடி. இங்கே பெரிய மீன் வளர இரண்டு காரணம். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தில் இருந்த குட்டைகளில் மாநில மீன்துறை ஃபுளோரிடா இன பாஸ் குஞ்சுகளை விட்டுவிட்டது. நிரம்பும்போது அவையே முதல் குடிகள். அடுத்தது, அடியிலிருந்த காட்டில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே மூழ்க விட்டார்கள். 1986 நவம்பரில் 17.67 பவுண்ட், 1992 ஜனவரியில் 18.18 பவுண்ட் என்று இரண்டு மாநில சாதனை மீன்கள் இங்கே வந்தன. 18.18 இன்றும் முறியடிக்கப்படவில்லை. அது கிராப்பி மீனுக்குப் போட்டிருந்த உயிர்மீன் இரையைக் கடித்த பாஸ் என்பது பாஸ்காரர்களுக்குக் கொஞ்சம் உறுத்தலான விஷயம். இரண்டு மீன்களும் குளிர்ந்த தண்ணீரில் வந்தவை என்பதையும் கவனியுங்கள்.

அந்த ஃபுளோரிடா ரத்தம் பெரிய உடம்பைக் கொடுக்கும், கூடவே ஒரு பலவீனத்தையும் கொடுக்கும். வாடை அடித்தால் சுருண்டுவிடும். வடக்கிலிருந்து காற்று திரும்பி, வானம் பளிச்சென்று வெளுத்து, ராத்திரியில் குளிர் இறங்கினால், நேற்று அடித்து நொறுக்கிய மீன் இன்று வாயே திறக்காது. வாடை வருவதற்கு முந்தின நாள், தெற்குக் காற்றும் மேகமுமாக இருக்கிறதே, அந்த நாளுக்கு லீவு போடுங்கள். வாடை அடித்த மறுநாள் வீட்டு வேலையைப் பார்க்கலாம்.

சட்டம் தெரியாமல் போகவே கூடாது. இங்கே பாஸுக்கு 16 முதல் 24 அங்குலம் வரை தடை அளவு. அந்த அளவுக்குள் வரும் மீனை உடனே தண்ணீரில் விட வேண்டும், படகுத் தொட்டியில்கூடப் போட்டு வைக்கக் கூடாது. 16க்குக் குறைவானதை எடுக்கலாம். 24ம் அதற்கு மேலும் உள்ளது ஒரு நாளைக்கு ஒன்றுதான். மொத்தம் 5. அளக்கும்போது மீனைத் தட்டையான அளவுப் பலகையில் படுக்க வைத்து, வாயை மூடி, வால் இரண்டு மடலையும் சேர்த்துப் பிடித்து, வரும் அதிகபட்ச நீளத்தைப் பார்க்க வேண்டும். வாலை விரித்தபடி அளந்தால் 16க்குச் சற்றுக் குறைவாகத் தெரிகிற மீன், சேர்த்துப் பிடித்தால் தாண்டிவிடும். அபராதம் அங்கேதான் வரும். சாப்பிட ஆசை இருந்தால் 14, 15 அங்குல மீனை எடுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம். இரைக்குப் போட்டி குறைந்தால் மிச்சமிருப்பவை வளரும், தடை அளவு வைத்ததன் நோக்கத்தில் அதுவும் ஒன்று. 17 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் தேவை. செப்டம்பர் 1 தொடங்கி ஆகஸ்ட் 31 வரை அதன் ஆண்டு.

தூண்டில் சாமான் நிறைய வேண்டியதில்லை. 7 அடி மீடியம் ஹெவி ராட் ஒன்றும் பெய்ட்காஸ்டிங் ரீலும் முக்கால்வாசி வேலையை முடிக்கும். மரத்துக்கும் பாசிக்கும் நடுவில் 12 பவுண்ட் நரம்பு போட்டால் மீனோடு லூரும் போய்விடும். பிளாஸ்டிக் புழுவுக்கும் ஜிக்குக்கும் (ஈயத் தலை வைத்த முள்) 17 முதல் 20 பவுண்ட் ஃபுளோரோகார்பன் நரம்பு, தவளைக்கு 50 முதல் 65 பவுண்ட் பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். ஃபுளோரோகார்பன் காய்ந்தபடி உரசினால் அந்தச் சூட்டில் வலுவிழந்துவிடும், பெரிய மீன் வந்ததும் முடிச்சிலேயே அறும். நரம்பின் கடைசி மூன்று நான்கு அடியை அவ்வப்போது விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

இனி பருவங்கள். 50க்குக் கீழே, அதாவது டிசம்பர் கடைசியும் ஜனவரியும்: மீன் ஓடைக்கால் (மூழ்கிய பழைய ஓடையின் தடம்) வளைவுகளிலும், 154ஆம் நெடுஞ்சாலைப் பாலத்தை ஒட்டியும், 15 முதல் 30 அடியில், பாஸ் தின்னும் சின்ன ஷாட் மீன்களின் கூட்டத்துக்கு அடியில் நிற்கும். முக்கால் அவுன்ஸ் ஸ்பூனை (உலோகத் தகடு லூர்) நேர்கீழே இறக்கி ஓர் அடி தூக்கி விடுவது, அல்லது தண்ணீரில் அந்தரத்தில் நிற்கும் வகை ஜெர்க்பெய்ட்டை (ஒல்லியான மீன் வடிவ லூர்) இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பத்துப் பதினைந்து வினாடி சும்மா விடுவது. அந்தச் சும்மா விடுவதுதான் யாருக்கும் பொறுமையாக வராது. கடி பெரும்பாலும் அப்போதுதான் விழும். அதிகமாகச் சொல்ல ஒன்றுமில்லை, கடி குறைவு, எடை அதிகம்.

50 தாண்டி 58 வரை ஏறும் காலத்துக்குத்தான் இந்த ஏரி பேர் போனது. பிப்ரவரி முழுக்க, சில வருடம் ஜனவரி கடைசியிலேயே. முட்டை சுமந்த பெண் மீன்கள் ஆழத்திலிருந்து கிளம்பி, கூடு போடும் குடாவுக்குப் போகும் வழியில் நின்று தின்னும். நிற்கும் இடம் பிரதான ஏரியும் அல்ல, குடாவின் கடைக்கோடியும் அல்ல. இரண்டுக்கும் நடுவிலுள்ள முனைகள், குடாவுக்குள் ஓடும் சின்ன வாய்க்கால் தடத்தின் ஓரம், 4 முதல் 10 அடி. லிட்டில் கேனி, பிர்ச், வுல்ஃப் போன்ற ஓடைகளில் வரைபடத்தை வைத்துத் தேடலாம். வடக்குக் கரைகள் முதலில் சூடேறும். தெற்கிலிருந்து வெயில் நேராக விழும், வாடைக்கு மறைவு. மதியம் இரண்டு மணிக்கு அங்கே நடு ஏரியைவிட நான்கைந்து டிகிரி கூடுதலாக இருக்கலாம். ஆகவே இந்தப் பருவத்தில் விடியற்காலையில் எழுந்து நடுங்க வேண்டாம், பதினொரு மணிக்குப் போனால் போதும்.

இரை, சிவப்பு லிப்லெஸ் கிராங்க்பெய்ட், அதாவது முன்னால் நாக்குத் தகடு இல்லாத மீன் வடிவ லூர். ராட்டில் டிராப் என்ற பெயரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் அரை அவுன்ஸ் (14 கிராம்) லூர். கிராஃபிஷ் (இறால் போன்ற நன்னீர்ப் பிராணி) குளிர்கால வளையை விட்டு வெளியே வருகிற காலம் இது, சிவப்பு அதற்காக. நீருக்குள் பாசி இரண்டு மூன்று அடி உயரம் வளர்ந்து நிற்கும் இடத்தில் வீசி, பாசி உச்சியைத் தொட்டுக்கொண்டு வரும் வேகத்தில் சுற்றுங்கள். லூர் பாசியில் சிக்கும். அங்கே பதறி இழுக்கக் கூடாது. நரம்பை ஒரு நொடி இறுகவிட்டு, ராடைப் பக்கவாட்டில் ஒரே வெட்டாக வெட்டினால் லூர் பாசியைக் கிழித்துக்கொண்டு வெளியே துள்ளும். துள்ளிய மறுகணம் தானாகக் கீழே சரியும். கடி அந்தச் சரிவில்தான். பாசியே படவில்லை என்றால் வேகமாகச் சுற்றுகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் கொத்தாகப் பாசி வந்தால் மெதுவாகச் சுற்றுகிறீர்கள். இந்த லூரின் கனம் மீனுக்கு வசதி. தலையை உதறினால் அந்தக் கனமே நெம்புகோலாகி முள்ளைக் கழற்றும். அதனால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ராட் எடுங்கள், மீன் மேலே துள்ள வரும்போது ராட் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள்.

இந்தக் காலத்தில் 13 பவுண்டுக்கு மேல் ஒன்று வந்துவிட்டால், ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை மாநில மீன்துறையின் ஷேர்லங்கர் திட்டத்துக்கு இரவல் கொடுக்கலாம். தொலைபேசியில் சொன்னால் அவர்களே வந்து எடுத்துப்போய், ஏதன்ஸ் ஊரிலுள்ள பண்ணையில் முட்டையிட வைத்து, பிறகு பிடித்த ஏரியிலேயே விடுவார்கள். அந்த 1986 மீன்தான் திட்டத்தின் முதல் மீன்.

60 முதல் 70 வரை முட்டையிடும் காலம். மார்ச் முக்கியம். ஒரே நாளில் எல்லா மீனும் வராது, அலை அலையாக வரும், பௌர்ணமியை ஒட்டி ஓர் அலை பெரிதாக வரும். ஆண் மீன் 1 முதல் 4 அடித் தண்ணீரில், கெட்டித் தரையில் வாலால் அடித்து வட்டமாகக் கூடு துப்புரவாக்கும். பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் முழுக்க ஆணுக்கு. போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் இந்தப் பருவத்தில் போவது வீண். 5 அங்குல ஸ்டிக் புழுவை ஈயமில்லாமல் நடுவில் முள் குத்தி மெல்ல இறக்கலாம். அல்லது 5 கிராம் ஈயத்தில் டெக்சஸ் ரிக் (முள் நுனியைப் புழுவுக்குள்ளேயே மறைத்துக் கட்டுவது). கூட்டின் மேலேயே இரையைப் போட்டால் மீன் மிரளும். தாண்டிப் போட்டு உள்ளே இழுத்து வந்து நிறுத்துங்கள். இதில் என் கருத்து: கூட்டு மீனைப் பிடிப்பது சட்டப்படி சரி, ஆனால் படகில் வைத்துப் பத்து நிமிடம் படம் எடுத்தால் அதற்குள் புளூகில் என்ற சிறு மீன்களின் கூட்டம் முட்டையை முடித்துவிடும். பிடித்தால் அரை நிமிடத்தில் அதே இடத்தில் விடுங்கள். குடாவுக்கு வெளியே, கூடு தேடி வந்துகொண்டிருக்கும் மீனைக் குறி வைப்பது இன்னும் நல்லது, அங்கேதான் எடை அதிகம்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை, தண்ணீர் 70ஐ ஒட்டி இருக்கும்போது, ஷாட் மீன்கள் முட்டையிடும். பொழுது விடியும் நேரத்தில் பாலத்தடிக் கற்கள், படகுத்துறைத் தூண்கள், பாசி ஓரம் என்று எதிலாவது உரசிக்கொண்டு மேலே சலசலக்கும். பாஸ் பின்னாலேயே நிற்கும். வெள்ளை ஸ்பின்னர்பெய்ட்டை (சுழலும் தகடு வைத்த லூர்) கரைக்கு இணையாக இழுத்தால் போதும். வெயில் ஏறி ஒரு மணி நேரத்தில் திருவிழா முடிந்துவிடும், அதே இடத்தில் நின்று பயனில்லை. பிறகு மே, ஜூனில் புளூகில் கூடுகள். தாமரை இலைக்கும் பாசிப் படலத்துக்கும் நடுவில் தவளை. இங்கே உங்கள் விரால் கை வேலை செய்யும். மேலே வெடித்ததும் இழுக்காமல் நரம்பில் கனம் தெரியும்வரை பொறுக்கும் பழக்கம் அப்படியே இங்கும் பொருந்தும். ஒரு வித்தியாசம்: முள் ஏறியதும் பாஸ் மேலே துள்ளும். பிரெய்டைத் தளரவிடாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

80 தாண்டினால் கோடை. புதியவர்கள் கரையையே அடித்து ஓய்ந்து போவது இப்போதுதான். பெரும்பாலான பெரிய மீன் 14 முதல் 22 அடிக்குப் போயிருக்கும், அதற்குக் கீழேயும் போகாது. காரணம், வெயிலில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகி, அடித் தண்ணீரோடு கலக்காமல் தனி அடுக்காக நிற்கும். கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஒலியலையால் நீரடியைக் காட்டும் எக்கோ மீட்டரின் உணர்திறனைக் கூட்டினால் இந்த எல்லை ஒரு மங்கலான பட்டையாகத் தெரியும். பெரும்பாலும் 20 அடியை ஒட்டி இருக்கும், வருடத்துக்கு வருடம் மாறும். பட்டை 20இல் என்றால் 28 அடியில் தெரியும் அழகான மரத்தை மறந்துவிடுங்கள். 20ஐவிட மேலே தலைநீட்டும் இடங்களைத் தேட வேண்டும்: மூழ்கிய மேடுகள், நீண்ட முனைகள், பழைய சாலைத் தடங்கள், பழைய குட்டைகளின் கரைகள். அதிலும் மீன் முழு மேட்டிலும் பரவி நிற்காது. மெத்தென்ற சேறு கெட்டித் தரையாக மாறும் இடம், ஒரு கற்குவியல், ஒற்றை அடிமரம் என்று ஓர் அறை அளவு இடத்தில் ஐம்பது மீன் நிற்கும். அந்த இடம் கிடைக்க அரை நாள் மீட்டரைப் பார்த்து ஓட்டினாலும் நஷ்டமில்லை.

கண்டுபிடித்த பின் கரோலினா ரிக் போட்டுத் தரையைத் தடவலாம். முக்கால் அவுன்ஸ் (21 கிராம்) ஈயம், ஒரு கண்ணாடி மணி, சுழலி, அதற்குப் பின் மூன்றடி தனி நரம்பு, 4/0 முள், பிளாஸ்டிக் பல்லி. ராடைப் பக்கவாட்டில் மெதுவாக இழுங்கள். சேற்றில் ஈயம் வெண்ணெயில் வருவதுபோல் வரும், கெட்டித் தரையில் டக்டக்கென்று கைக்குத் தட்டும். தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். டெக்சஸ் ரிக்கில் 10 அங்குல ரிப்பன் வால் புழு, 5/0 முள், 9 முதல் 14 கிராம் ஈயம். இந்த ஏரியில் கருநீலமும் சிவப்புக் கலந்த கறுப்பும் காலங்காலமாக ஓடும் நிறங்கள். மீன் கூட்டம் சூடாக இருந்தால் 20 அடி இறங்கும் பெரிய கிராங்க்பெய்ட்டோ, 5, 6 அங்குல ஃபிளட்டர் ஸ்பூனோ. கிராங்க்பெய்ட் சொன்ன ஆழத்துக்குப் போகவில்லை என்று பலர் லூரைத் திட்டுவார்கள், குற்றம் நரம்பில். 20 பவுண்ட் நரம்பில் அது சில அடி மேலேயே நின்றுவிடும். இதற்கு மட்டும் 10 அல்லது 12 பவுண்ட் போட்டு, முடிந்த மட்டும் தூரமாக வீச வேண்டும்.

கோடையில் மீனின் உயிர் சீக்கிரம் போகும். 88 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, ரொம்ப நேரம் இழுத்து விளையாடினால் விட்ட பிறகும் செத்து மிதக்கும். ஆழத்திலிருந்து வந்த மீனுக்குக் காற்றுப்பை ஊதிப்போய் தலைகீழாகத் திரும்பும். உடனே விட்டால் பெரும்பாலும் தானே கீழே போய்விடும். பெரிய மீனைக் கீழ்த்தாடையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்காதீர்கள், தாடை பிசகிவிடும். வயிற்றடியில் இன்னொரு கை கொடுங்கள், அந்தக் கை ஈரமாக இருக்கட்டும். பகல் வெயில் தாங்காவிட்டால் ராத்திரி போகலாம். கறுப்பு ஸ்பின்னர்பெய்ட்டும் கறுப்புப் புழுவும் போதும், ஆனால் மரங்களுக்கு நடுவில் ராத்திரி ஓட்டுவது பழகியவர்களுக்கு மட்டும்.

செப்டம்பர் கடைசியில் 80க்குக் கீழே இறங்க ஆரம்பித்ததும் ஷாட் கூட்டம் ஓடைகளின் உட்புறத்துக்கு நகரும். ஸ்குவேர்பில் கிராங்க்பெய்ட்டை (சதுர நாக்குத் தகடு உள்ளது) அடிமரங்களில் இடிக்கவிட்டு இழுப்பது, காலையில் பஸ்பெய்ட் (நீர்மட்டத்தில் சலசலத்து வரும் லூர்) போடுவது எல்லாம் வேலை செய்யும். நடுவில் ஒரு கெட்ட வாரம் வரும். மேல் தண்ணீர் குளிர்ந்து கனமாகி, கீழ் அடுக்கோடு கலந்துவிடும். தண்ணீர் பழுப்பாகும், அழுகல் முட்டை நாற்றம் லேசாக வரும், ஆழத்து மீன் சிதறிவிடும். அப்போது பிரதான ஏரியை விட்டுவிட்டு ஓடைகளின் கடைக்கோடிக்குப் போங்கள். அங்கே ஆழம் குறைவு என்பதால் அடுக்கே உருவாகியிருக்காது, கலங்கவும் எதுவும் இல்லை. நவம்பரில் 60ஐ நெருங்கும்போது பெரிய மீன் மறுபடி ஓடைக்கால் ஓரத்துக்கு வரும். 1986 மீனும் நவம்பரில் வந்ததுதான்.

படகு விஷயம். மிதவை நட்டுக் காட்டிய படகுத் தடத்தை விட்டு வேகமாக ஓட்டாதீர்கள். தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் அடிமரங்கள் மேல்பரப்புக்கு அரை அடி கீழே ஒளிந்திருக்கும், மோதினால் ஆள் தூக்கி எறியப்படுவார். 26 அடிக்குக் குறைந்த விசைப்படகில் எஞ்சின் நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் மாட்டியிருக்க வேண்டும் என்று டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து சட்டம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஓடும் படகில் மிதவைச் சட்டை கட்டாயம். சொந்தப் படகு இல்லையென்றால் முதல் தடவை ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது நல்லது. கரையோர நிலம் பெரும்பாலும் தனியார் வசம், நின்று பிடிக்க இடம் குறைவு. காயக் இருந்தால் பிப்ரவரியும் மார்ச்சும் உங்களுக்குத் தோதான காலம், மீன் குடாவுக்குள்ளேயே இருக்கும், தூரம் துடுப்புப் போட வேண்டாம். ஏரியை விட்டு வெளியே வந்ததும் படகின் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும், அதுவும் சட்டம்தான். டிரெய்லர் சக்கரத்திலும் அச்சிலும் ஒட்டிய பாசியை அங்கேயே கையால் எடுத்துப் போடுங்கள். கேரள நீர்நிலைகளை மூடிப்போட்ட அதே சால்வீனியா என்ற மிதக்கும் களை இந்த ஏரியிலும் நுழைந்திருக்கிறது, ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு போனாலும் அடுத்த ஏரியில் படரும்.